கீழ்த்தொகை

தொண்ணூற்றேழாம் வருடக் கோடையில் என் அக்காவின் கணவர் நியூ ஜெர்சியில் ஒரு பெட்ரோல் பங்க் வாங்குவதென்று தீர்மானித்தார். வங்கியில் ஈடாக வைக்க அவர்களிடம் இருந்தது பிஸ்கட்டவேயில் அவர்கள் குடியிருந்த வீடு ஒன்றுதான். வீடு இருவர் பெயரிலும் இருந்தது. அக்காவுக்கு வீட்டைப் பணயம் வைப்பதில் சம்மதமில்லை. மச்சான், வீட்டுக்கு ஒன்றும் ஆகாது என்று நம்பினார். இருவருக்கும் நடுவில், அந்தப் பங்க்கின் கணக்கை வங்கிக்கு எழுதித் தருகிற வேலை என்னிடம் வந்து சேர்ந்தது.

நான் அப்போது அவர்கள் வீட்டிலிருந்து இருபது நிமிடத் தொலைவில் ஒரு ரசாயனக் கம்பெனியின் கணக்குப் பிரிவில் இருந்தேன். அதற்குமுன் கோயம்புத்தூரில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக ஐந்து வருடம். மேற்படிப்புக்கு வந்தவன் கணக்கியல் பட்டம் வாங்கிக்கொண்டு தங்கிவிட்டேன். கம்பெனிக்கு ஆற்றங்கரையில் பழைய சாயத் தொழிற்சாலை ஒன்று இருந்தது. மூடிப் பல வருடங்களாகியும் அதன் மண்ணில் இறங்கிய ரசாயனம் நிலத்தடி நீரோடு நகர்ந்துகொண்டேயிருந்தது. அதைச் சுத்தம் செய்யும் செலவு கம்பெனியின் கடன். அந்தக் கடனை ஆண்டறிக்கையில் எப்படிச் சொல்வது என்பதுதான் என் வேலையில் பெரும்பகுதி.

விதி இரண்டு கேள்விகள் கேட்கும். செலவு வர வாய்ப்பு அதிகமா? வருமென்றால் தொகையை மதிப்பிட முடியுமா? இரண்டுக்கும் ஆம் என்றால் கடனாகக் கணக்கில் ஏற்ற வேண்டும். ஆனால் பொறியாளர்கள் ஒரு தொகையைச் சொல்ல மாட்டார்கள். இவ்வளவிலிருந்து இவ்வளவு வரை என்பார்கள். இடையில் எந்தத் தொகைக்கும் தனி நியாயம் இல்லையென்றால் கணக்கில் ஏறுவது கீழ்த்தொகை. மேல்தொகை பின்னால் ஒரு குறிப்பில் வாக்கியமாக நிற்கும்.

செய்தித்தாளில் முக்கியமானதை முதல் வரியில் வைக்கச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். இங்கே அது ஐம்பதாம் பக்கத்தைத் தாண்டிப் பொடி எழுத்தில் போகும். என் மேலதிகாரி ஓர் அமெரிக்கப் பெண்மணி. பென்சிலோடு என் வாக்கியங்களைப் படிப்பார். கசிந்தது என்று நான் எழுதினால் கசிந்திருக்கக்கூடும் என்று திரும்பி வரும். அதில் பொய் எதுவும் கிடையாது. ஒவ்வொரு காலாண்டும் பொறியாளர்கள் இன்னொரு இடத்தில் துளை போடுவார்கள், கீழ்த்தொகை கொஞ்சம் மேலே நகரும். வாக்கியத்தைப் புதுப்பித்துக் கொடுத்துவிட்டு, கார் நிறுத்துமிடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வருவேன். அந்த வாரங்களில் எனக்கு நாற்காலியில் இருப்புக்கொள்ளாது.

மச்சான் மெயின்ஃபிரேம் புரோகிராமர். இரண்டாயிரமாவது வருடம் பிறந்ததும் கம்ப்யூட்டர்கள் தேதியைத் தப்பாகப் படிக்கும் என்ற பயத்தில் ஊரெல்லாம் பழைய புரோகிராம்களைத் திருத்திக்கொண்டிருந்த காலம். அவருக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. ஆனால் எல்லாம் ஒப்பந்த வேலை. சில மாதம் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனி, பிறகு ஒரு வங்கி, பிறகு வேறெங்கோ. அவர் திருப்பூர்க்காரர். அவர் வீட்டில் அவருக்குமுன் சம்பளம் வாங்கியவர் யாரும் கிடையாது. பனியன் கம்பெனி, நூல் வியாபாரம், லாரி என்று போன குடும்பம். கிரீன் கார்டு கைக்கு வந்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். விற்பனைக்கு என்று பலகை வைத்த எந்தக் கடையையும் விடுவதில்லை.

"ரெண்டாயிரம் பொறந்துட்டா இந்த வேல போயிரும் மாப்ளே. அன்னைக்கு நான் எவன்கிட்டப் போய் ரெஸ்யூமே நீட்டறது? வண்டிக்குப் பெட்ரோல் போடறத எவனாச்சும் நிறுத்துவானா?"

"நீங்க போய்ப் போடுவீங்களா?" என்று அக்கா கேட்டாள்.

"நான் எதுக்குப் போடறேன்? நான் மொதலாளி."

"ஆள் வரலீன்னா மொதலாளிதான் நிக்கோணும். பனில."

நியூ ஜெர்சியில் வண்டிக்காரர் தானே பெட்ரோல் போட்டுக்கொள்ளச் சட்டம் விடாது. ஆள் வைத்துத்தான் போட வேண்டும். அக்காவுக்கு இதெல்லாம் தெரியும். அவள் ஒரு மருந்துக் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்தாள். தயாரான மாத்திரைகளைச் சோதித்து, தேறினவை எவை, தேறாதவை எவை என்று சொல்வது அவள் வேலை.

பங்க்கைப் பார்க்க ஒரு சனிக்கிழமை மூவரும் போனோம். மாநிலச் சாலையோரம் நான்கு பம்பு, ஒரு சின்னக் கடை. உரிமையாளர் எழுபதைத் தாண்டிய அமெரிக்கர். நீளமான மரக்குச்சியைத் தொட்டிக்குள் விட்டு அளவு பார்ப்பதை அவரே செய்துகாட்டினார். பூமிக்கடியில் மூன்று இரும்புத் தொட்டிகள். எல்லாம் பழசு. அடுத்த வருடம் முடிவதற்குள் பழைய தொட்டிகளை மாற்றியாக வேண்டும் என்று அரசு கெடு வைத்திருந்தது. விலை மலிவாக இருந்ததற்கு அது ஒரு காரணம். தொட்டி மாற்றும் செலவை மச்சான் முன்பே கணக்குப் போட்டு வைத்திருந்தார். தொட்டிக்குக் கீழே இருக்கிற மண்ணை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

நான் கட்டடத்தைச் சுற்றி வந்தேன். பின்சுவரில் ஒரு தண்ணீர்க் குழாய் இருந்தது. திருகுகிற கைப்பிடி இல்லை. அதைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் வர்ணம் பூசியிருந்தார்கள். கடைக்குள் குடிக்க வைத்திருந்தது கேன் தண்ணீர். இங்கே கிணறு இருந்ததா என்று பெரியவரைக் கேட்டேன். ரொம்ப நாளைக்கு முன்னால் இருந்தது என்றார். ஏன் மூடினீர்கள் என்றேன். நகராட்சித் தண்ணீர் வந்துவிட்டது என்றார். அப்படியும் இருக்கலாம், கிணற்று நீரில் பெட்ரோல் இறங்கியதாலும் இருக்கலாம். திரும்பும்போது காரில் இதைச் சொன்னேன்.

"நிருபர் புத்தி போகுதா பாரு" என்று மச்சான் சிரித்தார். "நம்மூர்ல நொய்யல் ஆத்துக்குள்ளயே சாயத்தண்ணிய விட்டானுக. எவன் கணக்கு எழுதுனான்? இங்க ரெண்டு சொட்டு பெட்ரோல் சிந்தியிருக்குமோன்னு இவன் மூஞ்சி போற போக்கப் பாரு."

"அந்த ஆத்துல நீங்க குளிச்சீங்களா?" அக்கா பின்சீட்டிலிருந்து கேட்டாள்.

"அதுல எவன் குளிப்பான்?"

"அப்புறம்?"

மச்சான் காரைப் பக்கத்துத் தடத்துக்கு மாற்றினார். ஆனாலும் மண் பரிசோதனைக்கு ஒப்புக்கொண்டார். துளை போட்டு மண்ணும் நீரும் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பி, முடிவு வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். அதுவரை எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடுவதில்லை என்று பேசிக்கொண்டோம்.

அந்தப் பேச்சு நிலைக்கவில்லை. திருப்பூரிலிருந்து மச்சானின் அம்மா போன் செய்தார். ஆடி பிறக்கப்போகிறது, ஆடியில் புதுத் தொழில் பேச்சே எடுக்கக்கூடாது, ஆனி முடிவதற்குள் நல்ல நாள் ஒன்று இருக்கிறது, அட்வான்ஸையாவது கொடுத்துவிடு என்றார்.

எங்கள் பக்கத்தில் இது வழக்கம்தான். நல்ல நாள் பார்த்து அட்வான்ஸ் கொடுத்து, வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்வார்கள். அதோடு பேச்சு உறுதியாகிவிடும். வில்லங்கம் பார்ப்பது, பத்திரம் எழுதுவது எல்லாம் ஆவணிக்கு. நடுவில் ஏதாவது வில்லங்கம் தெரியவந்தால் இரண்டு பக்கமும் பெரியவர்களை வைத்துப் பேசி அட்வான்ஸைத் திருப்பி வாங்கிக்கொள்வார்கள். மச்சான் அந்த மனதோடுதான், பஞ்சாங்கம் சொன்ன நேரத்தில், விற்பவரின் வக்கீல் அலுவலகத்துக்குப் போனார். காசோலையின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தார். காப்பிக் கறை என்று நினைத்து வக்கீல் துடைக்கப் பார்த்தாராம். பின்னால் மச்சான் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

ஜூன் காலாண்டுக் கணக்கு முடிக்கிற வாரம் அது. நான் என் சாயத் தொழிற்சாலை வாக்கியத்தோடு உட்கார்ந்திருந்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனபோதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது.

"அட்வான்ஸ்தான் மாப்ளே. சும்மா ஒரு அக்ரிமெண்ட்டு" என்று தாள்களை நீட்டினார்.

எல்லாப் பக்கத்திலும் அவருடைய சுருக்கக் கையெழுத்து இருந்தது. நான் நின்றபடியே படித்தேன். நடுப்பக்கத்தில் ஒரு பிரிவு. இடத்தை மண், நீர் உட்பட இப்போது இருக்கிற நிலையிலேயே வாங்குபவர் ஏற்றுக்கொள்கிறார், மாசு எப்போது தெரியவந்தாலும் அதைச் சுத்தம் செய்யும் பொறுப்பு வாங்குபவருடையது என்றது.

"இது அட்வான்ஸ் ரசீது இல்லீங்க மச்சா. வாங்கறேன்னு எழுதிக் குடுத்துட்டீங்க. பின்வாங்குனா குடுத்த பணம் போயிரும்."

"தாராளமா டெஸ்ட் பண்ணிக்கங்கன்னு அந்தாளு கையக் குடுத்துச் சொன்னானே?"

"பண்ணிக்கலாம். என்ன வந்தாலும் வாங்கோணும்."

அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். "எவ்வளவு குடுத்தீங்க?"

அவர் தொகையைச் சொன்னார். அவர்களுடைய சேமிப்பில் பாதிக்கு மேல். அக்கா சமையலறைக்குத் திரும்பிப் போய், அணைத்த அடுப்பை மறுபடி பற்றவைத்தாள்.

ஒப்பந்தத்தில் ஒரே ஒரு கதவு திறந்திருந்தது. ஆகஸ்டு முடிவதற்குள் வங்கி கடன் தர மறுத்தால் ஒப்பந்தம் ரத்தாகும், முன்பணம் முழுதும் திரும்பி வரும். வாங்குபவர் பக்கமே ஈடு தர மறுத்துப் பின்வாங்கினால் வராது. அதை இருவருக்கும் சேர்த்தே வாசித்துக் காட்டினேன்.

"பேங்க் எதுக்கு மறுக்குது?" என்றார் மச்சான். "அதான் வீடு இருக்குதல்ல?"

பரிசோதனை முடிவு ஆகஸ்டு முதல் பாதியில் வந்தது. தடிமனான அறிக்கை. இரண்டு துளைகளில் மண்ணில் பெட்ரோல் இருந்தது, ஒன்றில் நீரிலும் இருந்தது. அது இடத்தின் எல்லையைத் தாண்டிப் போயிருக்கிறதா என்று இன்னும் துளை போட்டால்தான் சொல்ல முடியும். தாண்டவில்லையென்றால் நாற்பதாயிரம் டாலரில் முடியலாம். தாண்டியிருந்தால் நான்கு லட்சம் வரை போகலாம். இரண்டில் எது என்று சொல்ல இப்போதைக்கு வழியில்லை என்று எழுதியிருந்தார் பொறியாளர். நான் இதே போன்ற அறிக்கைகளை வருடக்கணக்காகப் படித்து வந்தவன். சமையலறை மேசையில் ஒன்றைப் படிப்பது அதுதான் முதல் தடவை.

வங்கி, அறிக்கையின் ஒரு நகலோடு, புதுத் தொழிலின் தொடக்க நாள் இருப்புநிலைக் குறிப்பையும் கேட்டது. சொத்து எவ்வளவு, கடன் எவ்வளவு என்று ஒரே பக்கம். அந்த அறிக்கை முழுவதையும் எந்த வங்கிக்காரரும் படிக்கப்போவதில்லை. படிப்பது அந்த ஒரு பக்கத்தைத்தான். அதை எழுதித்தரச் சொன்னார் மச்சான்.

மறுநாள் மதியம் அக்கா என் அலுவலகத்துக்கு வந்தாள். கழுத்தில் அவளுடைய பரிசோதனைக் கூட அட்டை தொங்கியது. உள்ளே உட்காரலாம் என்றேன். வேண்டாம் என்றாள். வெயிலில் கார்களுக்கு இடையில் நடந்தோம்.

"நீ எப்படி எழுதப்போறே?"

"விதி இருக்குதுக்கா. கீழ்த்தொகையக் கடனா காட்டோணும். மேல்தொகையக் குறிப்புல எழுதோணும்."

"பேங்க் குடுக்குமா, குடுக்காதா?"

"தெரியாது."

"என்ரா தெரியாது? எங்க லேப்ல பெயில்னா பெயில். உங்க தொழில்ல அப்படி ஒரு வார்த்தையே இல்லியா?"

நிழல் இருந்த பக்கமாக நடையைத் திருப்பினேன். அவளே தொடர்ந்தாள். "வீட்டுப் பத்திரத்துல நான் கையெழுத்துப் போடலீன்னா முடிஞ்சுது. ஆனா அட்வான்ஸ் போயிரும். அதோட இவரு... உன்னாலதான் போச்சுன்னு ஆயுசுக்கும் சொல்லுவாரு. பேங்க் வேண்டாம்னு சொன்னா யாரும் யாரையும் சொல்றதுக்கில்ல. புரியுதா உனக்கு?"

"புரியுதுக்கா. ஆனா பேங்க் வேண்டாம்னு சொல்ற மாதிரி நான் எழுத முடியாது. வேணும்னு சொல்ற மாதிரியும் முடியாது."

"உன்னைய நான் ஒண்ணும் பொய் எழுதச் சொல்லல." மணிக்கட்டைப் பார்த்தாள். அவளுக்கு நேரமாகிவிட்டது. காரைப் பின்னால் எடுக்கும்போது கண்ணாடியை இறக்கி, "பெரிய எழுத்துல எழுது" என்றாள்.

அந்த ஒரு பக்கத்தை நான் எத்தனையோ விதமாக எழுதிப் பார்த்தேன். அலுவலகப் பழக்கம் கையை இழுத்தது. இருக்கக்கூடும், தெரியவரலாம், நேரக்கூடிய என்றே வார்த்தைகள் வந்தன. அவற்றை எடுத்துவிட்டு, செய்திக்கு எழுதுவதுபோலத் தெரிந்ததை மட்டும் எழுதினேன். மண்ணில் பெட்ரோல் இருக்கிறது. நீரில் இருக்கிறது. எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று தெரியாது. கடன் பக்கத்தில் நாற்பதாயிரம். அதற்கு நேர் கீழே ஒரு குறிப்பு: இது கீழ்த்தொகை. மேல்தொகை நான்கு லட்சம். இது ஈடாக வைக்கும் வீட்டின் மதிப்பைவிட அதிகம். வீட்டைப் பற்றிய அந்தக் கடைசி வாக்கியத்தை எழுது என்று விதி சொல்லவில்லை. எழுதாதே என்றும் சொல்லவில்லை. அதை நான் இரண்டு தடவை அடித்துவிட்டு மூன்றாம் தடவை விட்டுவைத்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கொண்டுபோய்க் கொடுத்தேன். மச்சான் மேசையில் உட்கார்ந்து படித்தார். அவருடைய ஒரு கால் மேசைக்கு அடியில் ஆடிக்கொண்டேயிருந்தது. அக்கா காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"மாநிலத்துல இதுக்குன்னு ஒரு ஃபண்ட் இருக்குதாமே? அப்ளை பண்ணா குடுப்பான். அதக் கழிச்சுக்க வேண்டியதுதானே?" என்றார் மச்சான்.

"கிடைக்கும்னு உறுதியானாத்தான் காட்டலாம். அப்பவும் கடன்ல கழிக்கக் கூடாது. தனியா காட்டோணும்."

"சரி, நாப்பதாயிரம் போடு. அது விதி. மத்தது எதுக்கு?"

"அதுவும் விதிதானுங்க."

"உங்க கம்பெனிக்காரன் இத எத்தனாவது பக்கத்துல போடறான்?"

"அம்பது தாண்டி."

"அப்ப எனக்கு மட்டும் என்ன மொதப் பக்கத்துல?"

"உங்களுக்கு ஒரே பக்கம்தான் இருக்குது மச்சா."

அக்காவின் கை ஒரு சட்டையின் மேல் நின்றது. மச்சான் தாளை மறுபடி எடுத்தார். இந்தத் தடவை விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். கடைசி வாக்கியத்தில் விரல் வெகுநேரம் இருந்தது. அதை எடுத்துவிடு என்று சொல்லுவார், என்ன பதில் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

"இதுல தப்பு ஏதாச்சும் இருக்குதா?" என்று அக்காவைக் கேட்டார்.

"எனக்கென்ன தெரியும் உங்க கணக்கு?"

"வீட்டு ரேட்டு சரியாப் போட்டிருக்கானான்னு கேட்டேன்."

அவள் வந்து எட்டிப் பார்த்தாள். "சரியாத்தான் இருக்குது."

அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். எழுந்து வெளியே போய்க் காரைக் கிளப்பினார். எங்கே போகிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. அன்று இரவு உணவுக்கு வந்துவிட்டார்.

வங்கி சில நாட்கள் எடுத்துக்கொண்டது. அந்த நாட்களில் எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை. அவர்கள் வீட்டில் போன் அடித்தால் இருவரும் ஒரே நேரத்தில் எழுந்திருப்பார்கள், இருவரும் எடுக்க மாட்டார்கள். கடைசியில் கடிதமாகத்தான் வந்தது. அச்சடித்த இரண்டு வரிகளில், மண்ணின் நிலையைக் காரணம் காட்டி மறுத்திருந்தார்கள். முன்பணத்தைத் தருவதற்கு விற்பவரின் வக்கீல் கொஞ்சம் இழுத்தார், பிறகு அனுப்பிவிட்டார். பெரியவர் தொலைபேசியில் மச்சானிடம் வருத்தம் எதுவும் இல்லை என்று சொன்னாராம். பங்க்கை வேறொருவர் வாங்கினார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். அந்த மண் என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது.

அக்கா சந்தோஷப்படுவாள் என்று நினைத்திருந்தேன். அவள் வாரக்கணக்கில் அலமாரிகளைக் காலி செய்வதும் அடுக்குவதுமாக இருந்தாள். மச்சான் ஒரு மாதத்துக்குள் டெக்சாஸில், ரவுண்ட் ராக்கில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்கு ஒப்பந்த வேலை எடுத்துக்கொண்டார். திங்கள் காலை விமானம், வெள்ளி இரவு திரும்பல். இங்கேயே வேலைகள் கிடைத்துக்கொண்டிருந்த நேரம் அது. ஏன் அவ்வளவு தூரம் என்று நான் கேட்டதற்கு, "சும்மா ஒரு சேஞ்சுக்கு" என்றாள் அக்கா. வேறு யாரையோ பற்றிச் சொல்வதுபோல இருந்தது.

முதல் திங்கள்கிழமை நியூவர்க் விமான நிலையத்துக்கு நான்தான் அவரைக் கொண்டுபோய் விட்டேன். டர்ன்பைக் சாலையில் எண்ணெய்த் தொட்டிகள் வரிசையாக வரும் இடத்தில் போக்குவரத்து நின்றுவிட்டது. வாடை மூடிய கண்ணாடியையும் மீறி உள்ளே வந்தது. மச்சான் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கெல்லாம் எவன்டா குறிப்பு எழுதறான்?"

"என்னைய மாதிரி ஒருத்தன் எழுதுவான்."

"எத்தனாவது பக்கத்துல?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. வண்டிகள் கொஞ்சம் நகர்ந்தன, மறுபடி நின்றன.

"நீ எழுதுனதுல ஒரு தப்பும் இல்ல மாப்ளே. நானும் எத்தனையோ தடவ படிச்சுப் பாத்தேன்." முழங்காலில் தாளம் தட்டினார். "தப்பு இருந்திருந்தா உன்னைய நாலு வார்த்த திட்டியிருப்பேன். இப்ப யாரத் திட்டறது?"

என்னைத் திட்டலாம் என்றேன். விமான நிலையத்தில் நான் பின்கதவைத் திறந்துவிட இறங்கும் முன்பே பெட்டியைத் தானே எடுத்துக்கொண்டார். "அக்காகிட்ட இறங்கிட்டுப் போன் பண்றேன்னு சொல்லு" என்றார். ஐந்து நாளில் திரும்பப்போகிறவர்போல் இல்லை அவர் நடந்த வேகம்.

அந்த வீட்டில் அதற்குப்பின் அவர் சேர்ந்தாற்போல ஒரு வாரம் தங்கியது குறைவு. இரண்டு வருடத்தில் அக்காவும் டெக்சாஸுக்குப் போய்விட்டாள். வீட்டை நல்ல விலைக்கு விற்றார்கள்.